பக்கவாட்டு நாற்காலி

1

காதில் மாட்டிய கருவிக்குள் சத்தம் கேட்டால், கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதனை அவ்வளவுதான். வலது காதுக்கு இருபத்தொரு முறை அழுத்தினேன். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் வேறு வேலையாக எழுந்து போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அங்கேயேதான் இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு, இடது காதுக்குச் சத்தம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கில், கடலுக்குப் பக்கத்தில், பாதி வருடம் மூடுபனிக்குள் கிடக்கும் ஒரு சிற்றூர். ஊருக்கு வெளியே பழைய விமானத் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே நிற்கும் நான்கு எஞ்சின் சரக்கு விமானம் ஒன்றை விமான வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து பராமரிக்கிறோம். அது இனிப் பறக்காது. கோடையில் ஒரு நாள் மட்டும் எஞ்சின்களை ஓடவிடுவோம். வேலிக்கு வெளியே குடும்பம் குடும்பமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள்.

எஞ்சின் ஓடும்போது விமான எஞ்சினியரின் இருக்கையில், அந்த உரிமம் வைத்திருந்த ஒருவர் உட்கார வேண்டும் என்பது சங்கத்தின் விதி. எங்களில் அப்படி இரண்டு பேர். மற்றவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ஆகவே இந்தக் கோடையில் என் முறை. அதற்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு மருத்துவச் சான்று, சான்றுக்கு இந்தக் காதுப் பரிசோதனை. இந்த நாட்டில் எதற்கும் மூன்று படிகள் உண்டு. நான்காவது ஒன்று இருப்பதை மூன்றாவதில் ஏறி நின்ற பிறகுதான் சொல்வார்கள்.

அந்தப் பெண் வெளியே வந்து ஒரு வரைபடத்தைக் காட்டினாள். வலது காதின் கோடு ஏற்ற இறக்கமாகப் போயிற்று. இடது காதின் கோடு கீழே படுத்துக் கிடந்தது.

"இது நேற்று நடந்தது அல்ல. நாலைந்து வருடமாவது ஆகியிருக்கும்" என்றாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்திருந்த என் மனைவி மாதம்மாளைப் பார்த்து, "வீட்டில் நீங்கள் கவனிக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

மாதம்மாளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

2

விமானம் என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு பைலட்டைத் தெரியும், பணிப்பெண்ணைத் தெரியும். மூன்றாவதாக ஒருவன் உள்ளே உட்கார்ந்திருந்தான் என்பது பலருக்குத் தெரியாது.

சீருடையோடு முதல் முறை ஊருக்குப் போனபோது, பென்னாகரம் பஸ் நிலையத்து டீக்கடையில் என் தாய்மாமன் கேட்டார்:

"ரெண்டு பேரு ஓட்டறாங்க. நீ என்னாத்துக்குடா மூணாவதா?"

"எஞ்சினு, எண்ணெ, கரண்டு, உள்ளுக்குள்ள காத்து எல்லாம் நான்தான் பாத்துக்கணும் மாமா."

"அப்ப கிளீனர்னு சொல்லு."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாதிப் பேர் லாரியில் போய்வருகிறவர்கள். அவர்களில் ஒருவர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "மழ வந்தா டாப்புல ஏறி தார்ப்பா கட்டுவியா?" என்றார். அதற்குப் பிறகு மாமா சாகும்வரை, ஊரில் எனக்கு ஏரோப்ளேன் கிளீனர் என்றுதான் பெயர்.

என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவர் மாதம்மாளின் அப்பா. பொம்மிடியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, பலகாரத்தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நீராவி எஞ்சின்ல பயர்மேன் இருப்பாங்க. அந்த மாதிரிங்களா?"

"அதே மாதிரிதாங்க. கரி அள்ளிப் போட வேண்டியதில்ல."

"அப்ப வண்டி போறது உங்க கையிலதான் இருக்குது" என்றார். கல்யாணம் அந்த வாக்கியத்தில்தான் முடிவாயிற்று என்று நினைக்கிறேன்.

அந்த விமானங்களில் பைலட்கள் இருவரும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், வலதுபுறச் சுவரைப் பார்த்தபடி என் நாற்காலி. சுவர் முழுக்க வட்ட வட்டமாக முள் காட்டும் கருவிகள். நான் எண்ணியிருக்கிறேன், சின்னதும் பெரிதுமாக நூற்றுக்கு மேல். நாற்காலி தண்டவாளத்தில் நகரும். புறப்படும்போது அதை முன்னால் திருப்பி, பைலட்கள் இருவருக்கும் நடுவில் கொண்டுபோய், எஞ்சின்களின் விசையை நான்தான் சரிசெய்து வைப்பேன். மேலே ஏறியதும் மறுபடி சுவரைப் பார்க்கத் திரும்பிவிடுவேன். மேகம், மலை, விடியல் எல்லாம் எனக்கு இடப்பக்கத்திலிருந்து வந்து வலப்பக்கமாகப் போயின. எதையும் நேராகப் பார்த்ததில்லை. கண்ணின் ஓரத்தில் ஒரு நிறம் மாறும், அவ்வளவுதான். இப்போதும் கனவில் எனக்கு வானம் பக்கவாட்டில்தான் வருகிறது.

இரண்டு இறக்கைகளிலும் எரிபொருள் சமமாகக் குறைகிறதா, உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு விடக் காற்றழுத்தம் போதுமா, நான்கு ஜெனரேட்டர்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றனவா, சக்கரத்தை இறக்கும் எண்ணெயின் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை. கிளம்புவதற்கு முன் டார்ச் விளக்கோடு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, டயர் முதல் வால்வரை பார்ப்பதும் என் வேலைதான். மாமா சொன்னதில் தவறில்லை.

சும்மா உட்கார வைத்துவிட மாட்டார்கள். சேலத்தில் டிப்ளமா படித்தேன். பிறகு விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் பல வருடம் எஞ்சினுக்கு அடியில் படுத்து வேலை. பராமரிப்பு எஞ்சினியருக்கான உரிமம். அதற்கும் பிறகு விமான வகைக்கு ஒரு தேர்வு. மூன்று பேர் முன்னால் நின்று, எந்தத் தொட்டியிலிருந்து எந்த வால்வு வழியாக எந்த எஞ்சினுக்கு எரிபொருள் போகிறது என்பதைப் பார்க்காமல் கரும்பலகையில் வரைய வேண்டும். பின்னர், தரையிலேயே பறந்து பழகும் சிமுலேட்டர். மேற்பார்வையில் நூறு மணி நேரம் பறந்து காட்டினால்தான் கையெழுத்துக் கிடைக்கும். சில நாடுகளில் இளம் பைலட்களையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாங்கள் ஹேங்கரிலிருந்து ஏறியவர்கள். எங்களுக்கு வானத்தைவிட இரும்பு நன்றாகத் தெரியும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹெட்செட்டை நாங்கள் இரண்டு காதுக்கும் மாட்ட மாட்டோம். வலது காதில் ரேடியோ. கேப்டன் எனக்கு இடப்பக்கம் இருப்பதால், அவர் சொல்வது கேட்க இடது காதைத் திறந்தே வைத்திருப்பேன். எஞ்சின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் வேலைக் காலம் முழுக்க அந்த ஒரு காதுக்குள்தான் போயின. கேப்டனுக்காகத் திறந்து வைத்த காதுதான் இப்போது இல்லை என்கிறார்கள்.

3

பேனல் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கருவிச் சுவரின் முன் ஒரு விதி உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் பேசக் கூடாது. முள் எல்லை தாண்டினால்தான் வாயைத் திறக்க வேண்டும். நல்ல எஞ்சினியர் என்றால் பத்து மணி நேரம் பக்கத்தில் இருப்பதே தெரியாது என்று கேப்டன்கள் பாராட்டுவார்கள். இப்போது வரும் விமானங்களில் என் வேலையை ஒரு கணினிப் பெட்டி செய்கிறது. அதுவும் எல்லாம் சரியாக இருந்தால் ஒரு விளக்கும் எரிக்காமல் இருட்டாக இருக்கும். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று சொல்லிக்கொள்வேன்.

ஆனால் எனக்கு இது விமானத்தில் வந்த பழக்கமில்லை. எங்கள் கிணற்றில் ஆயில் எஞ்சின் இருந்தது. அண்ணன் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். தண்ணீர் இழுக்கும்போது ஒரு சத்தம். குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் வேறு சத்தம். சத்தம் மாறாதவரை யாரும் பேச்சை எடுக்க மாட்டோம். மாறினால், "காத்து புடிச்சிக்கிச்சி" என்று கையைக் கூடக் கழுவாமல் எழுந்து ஓடுவார். கழனியின் மறுகோடியில் நிற்பவருக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் பேச்சுக் கேட்காது. துண்டை ஒரு முறை தூக்கினால் நிறுத்து, சுழற்றினால் ஓட்டு. ஒன்றும் செய்யாமல் நின்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அன்பும் கோபமும்கூட அப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டேன். குழம்பில் உப்புக் கூடினால் சொல்வேன். சரியாக இருந்தால் சாப்பிடுவேன். புதுப் புடவையோ, பிள்ளைகளின் மதிப்பெண்ணோ, எதற்கும் அதே கணக்குத்தான். மாதம்மாள் ஆரம்பத்தில் சண்டை போட்டாள். பிறகு பழகிக்கொண்டாள். "அவரு ஒண்ணும் சொல்லலன்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம்" என்று வருகிறவர்களுக்கு விளக்கம் கூடச் சொல்வாள்.

பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். மகன் வேறு கண்டத்தில் இருக்கிறான். நான் போனில் பத்து வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறான். மகள் கயல்விழி இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். அவளுடைய சின்னப் பெண் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் "வூடு" என்று சொல்லித் திருத்தப்படுகிறாள். ஆத்தா மாதம்மாளிடம் கற்ற தமிழ். மகனுடைய கட்டைவிரலைக் காட்டி ஒரு நாள் அலுத்துக்கொண்டேன். மாதம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யாரு பெத்த புள்ள?" என்றாள்.

4

பரிசோதனை முடிந்து காரில் திரும்பினோம். இங்கும் நம் ஊர் போலவே ஓட்டுகிறவர் வலப்பக்கம். மாதம்மாள் எப்போதும் என் இடப்பக்கம். அன்றைக்குத்தான் அதை யோசித்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் திரும்பி அவள் உதட்டைப் பார்த்தேன். ஏழு விளக்குகள். உதடு அசையவில்லை.

வீட்டில் டீ போட்டுக் கொண்டுவந்தாள். வழக்கமான இடத்தில் உட்காராமல் மேசையைச் சுற்றி வந்து, என் வலப்பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, கார்ல நான் பேசுனது எதுவுமே உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"நீ கார்ல பேசுவியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

"வூட்ல பேசுனா எந்திரிச்சு ஜன்னல் சாத்தியிருக்குதான்னு பாக்கப் போயிருவீங்க. கார்லதான் எங்கயும் போக முடியாது. அதனால முக்கியமானத எல்லாம் அங்கதான் சொல்லுவன்."

"என்னா சொன்ன?"

"பச்சையம்மா வூட்டு மாடி காலியா கெடக்குதுன்னு சொன்னன்." பச்சையம்மாள் அவளுடைய தங்கை. பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறாள். "அங்க போயி இருந்துக்கறன்னு சொன்னன். சுண்ணாம்பு அடிக்கச் சொல்லட்டுமான்னு கேட்டன். நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டு வந்தீங்க. சரி, ஒண்ணும் சொல்லல, அப்ப சம்மதந்தான்னு நெனச்சுக்கிட்டன்."

"அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு. டிக்கெட்டும் போட்டாச்சு, ஆவணிக்கு. கயலுதான் போட்டுக் குடுத்தா. அப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டா. சொல்லிட்டன், அவரு ஒண்ணும் சொல்லலன்னன். அப்பன்னா சரிதான்னுட்டா."

"திரும்பி வர்றது எப்ப?"

"போறதுக்கு மட்டுந்தான் போட்டிருக்குது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. தோட்டத்து வேலியில் நான்கு புறாக்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று பறந்து மூன்றாயிற்று. நாலைந்து வருடமாக அவள் தன் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். நான் கேட்காமலே சம்மதம் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வேறு எந்த வீட்டிலாவது புருஷனுக்குக் காது போனால் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அது இயல்பு நிலையாகப் போய்விட்டது.

"அங்க என்னா இருக்குது மாதம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. ரயிலு சத்தந்தான் இருக்குது. பச்சையம்மா இருக்கறா, கடைக்கு வர்றவங்க இருக்கறாங்க. பேசுனா பதில் சொல்லுவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள். எழுந்து போய் ஜன்னல் கொக்கிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்து முடித்த பிறகுதான், அவள் சொன்னதைத்தான் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.

5

இந்தக் காதோடு எஞ்சின் ஓடும்போது உட்கார முடியாது என்று சங்கத்திலிருந்து பதில் வந்தது. ஆலன் என்ற பழைய கேப்டன்தான் எங்கள் தலைவர். நேரில் போய், எங்கள் கழனித் துண்டின் கதையைச் சொன்னேன். கேப்டன் என் தோளில் ஒரு முறை தட்டினால் நிறுத்து, இரண்டு முறை தட்டினால் தொடரு, காதே வேண்டாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எஞ்சின் தீப்பிடித்தால் எத்தனை முறை தட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முழங்கால்காரர் தேறும்வரை ஓட்டத்தைத் தள்ளி வைத்தார்கள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆலன் ஒன்று சொன்னார். "ஒரு மதியம் எஞ்சின் இல்லாமல் பேனலுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கிறேன். விருப்பமான நேரம் வரை உட்கார்ந்திருங்கள், மனைவியையும் அழைத்து வாருங்கள்."

மாதம்மாள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. "வரேன்" என்றாள். புடவைக்கு மேல் குளிர்கோட்டு, காலில் நடைப்பயிற்சி ஷூ. ஏணியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இத்தனை வருடத்தில் நான் வேலை செய்த இடத்தை அவள் பார்த்ததே இல்லை. கேப்டனின் இருக்கையைக் காட்டினேன். அங்கே உட்கார்ந்தால் என் இடப்பக்கம் ஆகிவிடும் என்று உடனே உறைத்தது. கதவை ஒட்டி, என் வலப்பக்கத்தில், பார்வையாளருக்கான மடக்கு இருக்கை ஒன்று உண்டு. அதை விரித்து அவளை உட்கார வைத்தேன்.

வெளியே பனி இறங்கி, இறக்கையின் நுனி தெரியவில்லை. பேனலில் சின்ன விளக்குகள் எரிந்தன. எஞ்சின்கள் ஓடாததால் முட்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன, மழைக்கு ஒதுங்கிய மாடுகள் ஒரே திசையில் தலைவைத்து நிற்பதைப் போல. நாற்காலியில் சாய்ந்ததும் விமானம் தரையில் நிற்பது எனக்கு மறந்துவிட்டது. பனி இடப்பக்கத்திலிருந்து வந்து வலப்பக்கமாகப் போனது. வலப்பக்கத்தில், பறந்த காலத்தில் ஒரு முறையும் இல்லாத விதமாக, மாதம்மாள் இருந்தாள்.

"இத்தனையும் ஒரே ஆளாவா பாத்தீங்க?"

"ஆமா."

"ஒண்ணு கோணுனாக்கூட தெரிஞ்சிருமா?"

"தெரியும்."

"நான் இத்தன வருஷமா கோணிக்கிட்டுக் கெடந்தது தெரியலீங்களே."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எரிபொருள் முட்களைப் பார்த்துச் சொன்னாள். வலது காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

பேனலுக்குப் பக்கத்தில் ஒரு பையில் சரிபார்ப்புப் பட்டியலின் அட்டை செருகியிருந்தது. ஓரம் மடங்கிப் போன அட்டை. அவள் அதை உருவிப் பார்த்தாள்.

"இது என்னாங்க?"

"கெளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தர் இதப் படிப்பாங்க. இன்னொருத்தர் அதத் தொட்டுப் பாத்துப் பதில் சொல்லணும். வரி வரியா."

"பதில் சொல்லலன்னா? சரின்னு எடுத்துக்குவாங்களா?"

"கூடாது. பதில் வராம அடுத்த வரிக்குப் போகவே கூடாது."

சொன்ன பிறகு என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு விதிகளோடு வேலை செய்திருக்கிறேன். பேசாதே என்பது ஒன்று, பதில் சொல்லாமல் விடாதே என்பது இன்னொன்று. ஒன்றை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன் போலிருக்கிறது.

"நடுவுல எதாச்சும் தடப்பட்டுட்டா?" என்று கேட்டாள்.

"விட்ட எடத்துலயிருந்து படிக்கக் கூடாது. முதல்லயிருந்து படிக்கணும்."

பனி இன்னும் அடர்ந்துவிட்டது. தரையும் இல்லை, வேலியும் இல்லை. ஆவணி என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆவணிக்குள் செய்ய வேண்டியவற்றை என் மனது தன்போக்கில் எண்ணத் தொடங்கியது. காதுக் கருவிக்கான தேதி, வீட்டுச் சாவி, பேத்தியின் பிறந்தநாள், அவள் ஊருக்குப் போகும் விமானத்தில் அவளுக்கு இடப்பக்கம் எனக்கு ஓர் இருக்கை. நான்காவதில் எண்ணுவதை நிறுத்தினேன்.

"மாதம்மா, கார்ல சொன்னத முதல்லயிருந்து சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அட்டையைப் பையில் பழையபடி செருகினாள். கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"பச்சையம்மா வூட்டு மாடி காலியா கெடக்குதுன்னு சொன்னன்."

"கேட்டுச்சு."

"நான் அங்க போயி இருக்கறன்னு சொன்னன்."

"கேட்டுச்சு."

"உங்களுக்கும் வர இஷ்டமான்னு கேட்டன். ரெண்டு மூணு தடவ கேட்டன்."

"வரேன்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. முட்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வழக்கப்படி அது போதும். எனக்குப் போதவில்லை.

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க" என்றாள். "அடுத்தது சொல்லட்டுமா?"